ரோஸ் கலர் மூக்கு

மழை என்றால் அப்படி ஒரு மழை... குடை பிடித்தவரும் நனைந்தார், பிடிக்காதவரும் நனைந்தார். ரயில் பாலத்துக்கு அடியில் சாலை பள்ளமாக இறங்கும் இடத்தில், சாயங்கால வெளிச்சத்தை எல்லாம் குடித்துவிட்டுத் தண்ணீர் கறுப்பாக நின்றுகொண்டிருந்தது. இறங்கலாமா, வேண்டாமா? ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, ஒரு காலை ஊன்றிக்கொண்டு அவள் யோசித்தாள்.

யோசிக்காமல் எதையும் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. வாகன இன்சூரன்ஸ் கம்பெனியில் சர்வேயர் வேலை. அடிபட்ட வண்டி, எரிந்த வண்டி, மூழ்கிய வண்டி எல்லாம் பார்க்க வேண்டும். அவற்றின் சொந்தக்காரர்கள் கண்ணீரோடு சொல்லும் கதைகளையும் கேட்க வேண்டும். கேட்டுக் கேட்டு, காலையில் பேப்பர் போடுகிறவர் சிரித்தால்கூட 'எதுக்குச் சிரிக்கிறார்?' என்று ஒரு கணம் நின்று யோசிக்கிற நிலைக்கு வந்திருந்தாள். ஆபீஸில் முகத்துக்கு நேரே 'மேடம்'. முதுகுக்குப் பின்னால் 'துப்பு'. அதுவும் அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருக்குமா?

பின்னால் ஓர் உறுமல் கேட்டது. திரும்பிப் பார்ப்பதற்குள், தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு ஓடுவதுபோல் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் அவளைத் தாண்டிப் போனது. கருநீலம். இரண்டே கதவு. தவளைக் கண்போல மேலே எழும்பி நிற்கும் விளக்குகள். அது கிளப்பிய தண்ணீர், மதில்போல எழுந்து வந்து அவள்மேல் சாய்ந்தது.

அவ்வளவுதான். ஸ்கூட்டர் ஒரு பக்கம், அவள் அதே பக்கம்.

கணுக்கால் அளவு தண்ணீரில் உட்கார்ந்தபடி நிமிர்ந்தாள். கார் அக்கரை ஏறிவிட்டது. அதன் பின்விளக்குகள் சிவந்தன. நின்றது. திரும்பியது! மறுபடி தண்ணீருக்குள் இறங்கி, பள்ளத்தின் நடுவே வந்ததும் ஒரு பெரிய தும்மல் போட்டது. 'டக்' என்று உள்ளே எதுவோ முறியும் சத்தம். பிறகு மழைச்சத்தம் மட்டும்.

'அந்தப் பக்கம் இன்னும் ஆழம் போல... அதான் திரும்பியிருக்கான்' என்று அவள் மனம் உடனே ஒரு குறிப்பு எழுதிக்கொண்டது.

கதவைத் திறந்து ஒருவன் இறங்கினான். தண்ணீரை இரண்டு கைகளாலும் தள்ளிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அடி பட்டுச்சாங்க?"

"தள்ளி நில்லுங்க!"

"இல்ல... கால் வண்டிக்கு அடியில மாட்டியிருக்கு. தூக்கிவிடுறேன்."

"எனக்கே தூக்கத் தெரியும்."

"தெரியும்ங்க... ஆனா தூக்கலையே?"

அவள் பதில் தேடுவதற்குள் ஸ்கூட்டரைத் தூக்கி நிறுத்திவிட்டான். அவள் முதலில் செய்த காரியம், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டதுதான். மூடியிருந்த ஒரு தையல்கடையின் கூரைக்குக் கீழே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினான். மூச்சு வாங்கியது. இமைகளில் மழைத்துளி தொங்கியது. அந்தக் கண்கள்... வாய் திறக்கும் முன்பே மன்னிப்புக் கேட்கிற கண்கள். 'இவ்வளவு அழகா மன்னிப்புக் கேக்கணும்னா, நிறையப் பழகியிருக்கணும்' என்று நினைத்துக்கொண்டாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அதன் கண்ணாடி முழுக்க ஆவி.

போனை எடுத்தாள்.

"போட்டோ எடுக்கப் போறீங்களா?"

"ஆமா. உங்க நம்பரை."

"இருங்க, சேறு அப்பியிருக்கு. தெரியாது."

மறுபடி தண்ணீருக்குள் இறங்கிப் போய், நம்பர் பலகையைக் கையாலேயே துடைத்துக் காட்டினான். "இப்ப எடுங்க!"

அவள் எடுத்தாள். தப்புச் செய்தவன் இப்படி நடந்துகொள்ள மாட்டான். அதுதான் பெரிய சந்தேகமாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் அதே நம்பர், நஷ்டஈடு கேட்ட ஒரு கேஸாக அவள் மேஜைக்கு வந்தது. 'வீட்டு ஷெட்டில் நிறுத்தியிருந்த கார், மழைநீர் புகுந்து இஞ்சின் பழுது.'

அவள் இரண்டு முறை படித்தாள். ஷெட்டிலா? நிறுத்தியிருந்த காரா?

கண்ணால் பார்த்த சாட்சியே கேஸைப் பார்க்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். மேனேஜரிடம் உடனே சொல்லியிருக்க வேண்டும். 'ஒரே ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லிடலாம்...' என்று கிளம்பிவிட்டாள். எதற்காக என்று அவளையே அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் வாழ்க்கையில் கேட்காமல் விட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கதவைத் திறந்தது ஒரு நர்ஸ். டியூட்டிக்குக் கிளம்பிய கோலத்தில் இருந்தாள். குரலிலேயே ஊசி போடக்கூடியவள். அவன் அக்கா. கார் அவள் பேரில்தான் இருந்தது. ஆனால் அதன்மேல் உயிரையே வைத்திருப்பவர் அவள் புருஷன். கப்பலில் வேலை. வீட்டுக்கு வர இன்னும் சில மாதம் இருந்தது.

"ராத்திரி நிறுத்தினோம் மேடம். காலையில பார்த்தா உள்ள தண்ணி. அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்" என்றாள் அக்கா, ஒரே மூச்சில்.

ஷெட்டை ஒட்டிய அறைதான் அவன் பட்டறை. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல் செட் செய்பவன். அலமாரி முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளையில் தாடைகள், வரிசை வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன. அவன் வாசலில் நின்றான். அவளை அடையாளம் தெரிந்த மாதிரி இல்லை. அன்றைக்கு அவன் பார்த்தது ஒரு ஹெல்மெட்டையும் ஒரு ரெயின்கோட்டையும்தானே...

ஷெட் சுவரில் தண்ணீர் ஏறிய கறை இல்லை. மூலையில் அட்டைப்பெட்டிகள் மொறமொறவென்று காய்ந்திருந்தன. பானெட்டைத் தூக்கினாள். காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டர் டப்பாவின் திருகாணிகள் மட்டும் பளபளத்தன. நேற்றோ முந்தாநாளோ யாரோ திருகியிருக்கிறார்கள். டப்பாவின் கீழே, ஓர் இடுக்கில் எதுவோ தெரிந்தது. விரலை விட்டு எடுத்தாள். நகத்தளவு ஒரு துண்டு. ரோஸ் கலர். காரில் எந்தப் பாகமும் இந்த நிறத்தில் வராது. அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். பல் செட்டின் ஈறு... அதே நிறம்.

துண்டை உறையில் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"தண்ணி பூந்தப்ப வண்டி நின்னுட்டு இருந்ததா? ஓடிட்டு இருந்ததா?"

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள். அந்த மன்னிப்புக் கேட்கிற கண்கள் ஒரு கணம் தடுமாறின.

"அக்கா சொன்னதுதாங்க..."

பொய்கள் அவளுக்குப் புதிதில்லை. நாளைக்கு எத்தனையோ கேட்கிறாள். இந்த ஒன்று மட்டும் ஏன் இப்படிக் குத்துகிறது?

மறுநாள் காலையில் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். "ஓடிட்டு இருந்த காரை நானே பார்த்தேன் சார். வேற யாருக்காவது கொடுத்துடுங்க." அவர் தலையாட்டிக்கொண்டிருக்கும்போதே ரிசப்ஷனிலிருந்து ஆள் வந்தது. "மேடம், ஒருத்தர் உங்களைப் பாக்கணுமாம். கையில ஏதோ பெரிய பை..."

அவன்தான். துணிப்பைக்குள்ளிருந்து எடுத்து அவள் மேஜைமேல் வைத்தான். கை நீளத்துக்கு வளைந்து நெளிந்த ஒரு குழாய். ஒரு முனை அகலமான வாய், மறுமுனை இரண்டாகப் பிளந்திருந்தது. மொத்தமும் ரோஸ் கலர். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து நின்று பார்த்தார்.

"என்னங்க இது?"

"மூக்கு."

"யாரோட மூக்கு?"

"காரோடது. நானே செஞ்சேன்." வெட்கமும் பெருமையுமாகக் குழாயைத் தடவினான். "இஞ்சின் பக்கத்துல காத்து எல்லாம் கொதிச்சுக் கிடக்கும் மேடம். பழைய காருங்க சூடான காத்தைத்தான் இழுக்கும். குளிர்ந்த காத்து அடர்த்தியா இருக்கும். அதை வெளியிலேர்ந்து கொண்டுவந்து கொடுத்தா வண்டி பறக்கும். கடையில வாங்கலாம்... ஆனா இந்தக் காருக்கு இப்ப யாரும் செய்யறதில்ல. அதான் தெர்மாகோல்ல அச்சு வெட்டி, துணி சுத்தி, பல் செட்டுக்கு ஊத்துற மருந்தையே ஊத்தி..."

"அதான் ஈறு கலர்."

"அதான் ஈறு கலர்" என்று ஒப்புக்கொண்டான். "வாயைப் பம்பருக்குக் கீழ வெச்சேன். அங்கதான் காத்து ஜில்லுனு இருக்கும். தண்ணியும் அங்கதான் இருக்கும்னு யோசிக்கல. ரயில் பாலத்துக்கு அடியில தண்ணியைத் தாண்டிட்டுத் திரும்பி வர்றப்ப உறிஞ்சிடுச்சு. இப்படி மாத்தின வண்டிக்கு இன்சூரன்ஸ் தர மாட்டாங்கன்னு அக்கா பயந்துபோய் பழைய டப்பாவைப் பூட்டச் சொன்னா. மாமா கப்பலுக்குப் போறப்ப வண்டியைப் பாத்துக்கோடான்னுதான் சொன்னார். ஆபரேஷன் பண்ணுன்னு சொல்லல... கேஸை வாபஸ் வாங்கிக்கிறோம். அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கா."

அவள் சாய்ந்து உட்கார்ந்தாள். "நான் அந்தத் துண்டை எடுத்ததைப் பார்த்தீங்க. மாட்டிக்கிட்டோம்னு தெரிஞ்சு வந்திருக்கீங்க."

"பாதி அதுக்காக."

"மீதிப் பாதி?"

"நேத்து நீங்க கேட்டீங்கல்ல... நின்னுட்டு இருந்ததா, ஓடிட்டு இருந்ததான்னு. பொய்யைச் சொல்லிட்டு உங்க முகத்தைப் பார்த்தேன். ஏதோ உங்க வீட்டுப் பொருளை உடைச்ச மாதிரி இருந்தது. தூக்கம் வரல."

அவள் வேகமாகப் பேனாவை எடுத்தாள். எழுத ஒன்றுமில்லை. மூடி வைத்தாள். "அவ்வளவு தண்ணியில ஏன் திரும்பி வந்தீங்க? அந்தப் பக்கம் இன்னும் ஆழமா?"

"இல்லைங்க, அந்தப் பக்கம் மேடு. தப்பிச்சிட்டேன். கண்ணாடியில பார்த்தா ஒரு ஸ்கூட்டர் விழுந்து கிடக்கு. என்னால விழுந்தது... எப்படிப் போறது?"

விசிறி சுற்றும் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது அவளுக்கு.

கதை விடுகிறானா? என்னைத் தெரிந்துகொண்டு நாடகம் போடுகிறானா?

"ஸ்கூட்டர் என்ன கலர்?"

அவன் யோசித்தான். "சாம்பல்... இல்ல, வெள்ளை. சேறு."

"ஓட்டினது யாரு?"

"ஒரு பொண்ணு. முகம் தெரியல."

"நன்றி சொன்னாங்களா?"

"நம்பரைப் போட்டோ எடுத்தாங்க" என்று சிரித்தான். "பாவம், ரொம்பப் பயந்துட்டாங்க."

'பயமா? நானா?' வாய் வரை வந்ததை விழுங்கினாள். அது நான்தான் என்று ஒரு வார்த்தை... சொல்லலாம். சொன்னால்? இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பான். கௌரவம் குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டது. அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். மூக்கு மேஜையிலேயே கிடந்தது.

"நாலு நாளா என்னடி, சாப்பாட்டுத் தட்டையே முறைச்சுட்டு இருக்க?" என்றாள் அம்மா. வரன் என்று வந்தவர்களை எல்லாம் மகள் விசாரித்து விரட்டியதில் நொந்துபோன அம்மா. ஒருவர் அனுப்பிய போட்டோ பழையது என்று கண்டுபிடித்தாள். இன்னொருவர் சொன்ன ஆபீஸுக்கே போய் நின்றாள். 'நீ மாப்பிள்ளை பாக்குறியா, கேஸ் பாக்குறியா?' என்று அம்மா கேட்டுக் கேட்டு அலுத்திருந்தாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"யாரையாவது சந்தேகப்படுறியா?"

"முடியலம்மா... அதான் பிரச்சினை."

ஞாயிற்றுக்கிழமை, மூக்கைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள். திருப்பிக் கொடுக்க வேண்டாமா? அடுத்தவர் பொருள்! ஸ்கூட்டரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தாள். ஏன் என்று கேட்டால், நிழல் என்று சொல்லியிருப்பாள். அங்கே நிழலே இல்லை.

கேட்டில் அக்கா மறித்தாள். "கேஸ்தான் முடிஞ்சிடுச்சே. இன்னும் என்ன தோண்ட வந்திருக்கீங்க?"

"பொருள் கொடுக்க..." என்று நீட்டிய பையை அக்கா பிடுங்கிக்கொண்டாள்.

"கொடுத்தாச்சுல்ல? கிளம்புங்க."

"அக்கா!" உள்ளிருந்து அவன் குரல். கை முழுக்கக் கிரீஸோடு வந்தான். அவளைப் பார்த்ததும் அந்தக் கண்களில் விளக்குப் போட்டதுபோல... சட்டென்று அவளுக்குக் கழுத்தெல்லாம் சூடாகியது.

இஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தான். உள்ளே புகுந்த தண்ணீரை நசுக்க முடியாமல் வளைந்துபோன பிஸ்டன் ராடு ஒன்று பெஞ்சில் கிடந்தது. பழைய வண்டிகளை உடைக்கிற இடத்தில் அலைந்து வேறொன்று வாங்கி வந்துவிட்டானாம். மாமாவுக்கும் போன் செய்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம்.

"என்ன சொன்னார்?"

"ரொம்ப நேரம் கடல் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அப்புறம், 'புது மூக்கு எங்கடா வெக்கப் போற?'ன்னார்."

அவள் சிரித்துவிட்டாள். தன் சிரிப்பு தனக்கே புதிதாகக் கேட்டது.

அவன் ஓர் அட்டையை வெட்டி வளைத்து, பம்பருக்குப் பின்னால் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். முடியவில்லை.

"மறுபடியும் அங்கயா? எத்தனை மூழ்கின வண்டி பார்த்திருக்கேன் தெரியுமா? தண்ணி சக்கரத்துலேர்ந்து தெறிச்சு நேரா இங்கதான் வரும். மேல கொண்டு போங்க. விளக்குக்குப் பின்னாடி இடம் இருக்கு பாருங்க."

"அங்க ரேடியேட்டர் சூடு வருமே..."

"நடுவுல ஒரு தகடு போட்டு மறைங்க. பானெட் மூடினா மேல இடைவெளி வராத மாதிரி ரப்பர் ஒட்டுங்க. அப்ப வெளிக்காத்து மட்டும்தான் வரும்."

அவன் அட்டையைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்தான். "நீங்க அடுத்த ஞாயிறும் வருவீங்களா?"

"எதுக்குக் கேக்கறீங்க?"

"ரப்பர் ஒட்டத்தான்" என்றான் அப்பாவியாக.

வந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் வந்தாள். அவன் அச்சின்மேல் கண்ணாடியிழைத் துணியைச் சுற்ற, அவள் பிசினைத் தடவினாள். தகட்டை வெட்டி, கூரான ஓரங்களை அரம் வைத்து ராவினார்கள். குழாயின் அடிப்பகுதியில், தப்பித் தவறித் தண்ணீர் வந்தால் வெளியேற ஒரு சின்ன ஓட்டை போடச் சொன்னாள். போட்டான். இந்தத் தடவையும் மூக்கு ரோஸ் கலரில்தான் வந்தது.

"கறுப்பு கலக்கலாமே?"

"சொந்த மூக்குக்கு யாராவது பெயின்ட் அடிப்பாங்களா?"

நடுவில் அவன் போன் அலறும். திரையில் 'டாக்டர்' என்று வரும். ஒரு பெண் குரல், தேன் மாதிரி... "இன்னிக்காவது தருவீங்களா? எவ்வளவு நாளா காத்திருக்கேன்!" அவள் காது விடைக்கும். அரத்தை அழுத்தி அழுத்தித் தேய்ப்பாள். அவன் போனைத் தள்ளிப் பிடித்துச் சொல்வான்: "மேல் தாடை முழு செட்டுங்க. பாவம், ஒரு தாத்தா கஞ்சியே குடிச்சிட்டு இருக்காராம்."

"நான் ஒண்ணும் கேக்கலையே?"

"நீங்க கேக்கல. அந்தத் தகடு கேக்குது... தேஞ்சே போச்சு."

அக்கா மட்டும் மாறவில்லை. தேநீர் கொண்டுவந்து வைப்பாள். வைக்கும்போதே ஒரு பார்வை, 'உன் நோக்கம் என்ன?' என்று. அந்தப் பார்வை எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாக அதைக் கொடுத்துத்தான் பழக்கம். வாங்கிப் பழக்கமில்லை.

மூக்கைப் பொருத்தப் போகிற நாள். குழாயும் இஞ்சினும் சேரும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் எப்படி இருக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. "இருங்க, ஒரு வண்டியைக் காட்டுறேன். தளர்வா விட்டு என்ன ஆச்சு பாருங்க" என்று போனை நீட்டினாள். அவன் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒரு படம்... இன்னொரு படம்... விரல் நின்றது.

மழை. கருநீலப் பம்பர். நம்பர் பலகை. அதைத் துடைத்துக்கொண்டிருக்கும் ஒரு கை. அவன் கை.

அவன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"அது... நீங்களா?"

"ஆமா."

"அன்னிக்கு ஆபீஸ்ல, ஸ்கூட்டர் என்ன கலர்னு கேட்டீங்க. நன்றி சொன்னாங்களான்னு கேட்டீங்க. நான் யோசிச்சு யோசிச்சுச் சொன்னேன்." அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. "சரியாச் சொன்னேனா?"

அவள் தலைகுனிந்தாள்.

"இந்த ஞாயித்துக்கிழமையெல்லாம்... இதுவும் விசாரணைதானா?"

'இல்லை' என்ற ஒற்றைச் சொல் போதும். வாயிலிருந்து வந்ததோ வேறு. "நீங்களும்தானே முதல்ல பொய் சொன்னீங்க?"

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான். மெதுவாக, உடையும் பொருளைக் கொடுப்பதுபோல. "நான் வந்து சொல்லிட்டேங்க" என்றான்.

வாசலில் அக்கா நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். வழியை மட்டும் விட்டாள்.

அடுத்த ஞாயிறு அவள் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும்... அலமாரியைத் துடைத்தாள். துடைத்ததையே துடைத்தாள். வேலை நாட்களில் யார் என்ன கதை சொன்னாலும் "சரி, கையெழுத்துப் போடுங்க" என்று சொல்லிவிடுவாளோ என்று ஆபீஸே பயந்தது. தன்னைப் பற்றியே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவன் தண்ணீருக்குள் திரும்பி வந்தான். அவன் பேச்சை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தோமே, ஒரு விரிசல்கூட இல்லாதபோது ஏன் நிறுத்தவில்லை? நல்லவனாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயமா?

ஒரு மத்தியானம் அவள் மேஜைக்கு எதிரே நர்ஸ் உடுப்பில் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள்.

"உக்காரலாமா?" என்று உட்கார்ந்தபிறகு கேட்டாள் அக்கா.

"சொல்லுங்க..."

"உன்னை எனக்குப் பிடிக்கல. முதல்லயே சொல்லிடுறேன். என் தம்பியை ஏதோ மாட்டிவிட வந்திருக்கன்னு நினைச்சேன். சரி, அது போகட்டும். பொய் சொன்னது நான். அவன் இல்ல. அன்னிக்கு உன் முன்னாடி என்னைப் பொய்க்காரின்னு ஆக்க மனசில்லாம வாயை மூடினான். அன்னிக்கு ராத்திரியே என்கிட்ட சண்டை போட்டான்." மூச்சு விட்டாள். "இப்ப இஞ்சின் ரெடி. உங்க மூக்கும் மாட்டியாச்சு. சாவியைப் போடுடான்னா போட மாட்டேங்கிறான். கேட்டா, 'இன்னும் ஒரு ஆள் வரணும்'ங்கிறான். நேத்து ஒரு பல் செட்டைத் தலைகீழா அடுக்கியிருக்கான். அந்தத் தாத்தா பாவமில்லையா?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. எது முந்தியது என்று தெரியவில்லை.

"வரவேண்டிய ஆள் நீதானான்னு பாக்க வந்தேன்" என்றாள் அக்கா. கண்களைத் துடைக்க ஒரு பஞ்சை நீட்டினாள், நர்ஸ் பழக்கத்தில். "பார்த்துட்டேன். கிளம்பும்மா."

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாள். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினாள். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, மறுபடி படித்தார்.

வெளியே தூறல். இந்தத் தடவை ஸ்கூட்டரை ஷெட் வாசல் வரை ஓட்டிக்கொண்டு போய், காருக்கு எதிரிலேயே நிறுத்தினாள். சத்தம் கேட்டு அவன் பட்டறையிலிருந்து வெளியே வந்தான். கையில் ஒரு கீழ்த்தாடை.

ஸ்கூட்டரைப் பார்த்தான். "வெள்ளைதான்" என்றான்.

"ஆமா. சரியாத்தான் சொன்னீங்க."

அவன் தாடையை ஓரமாக வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, காரில் உட்கார்ந்து சாவியைத் திருகினான். முதலில் ஓர் இருமல். ஒரு முனகல். பிறகு... ஆழமாக ஒரு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு இஞ்சின் பிடித்தது. ரோஸ் கலர் மூக்கு மெல்ல நடுங்கியது. காற்று அதற்குள் சீறிக்கொண்டு போகும் சத்தம், நீண்டநாள் மூச்சை அடக்கியிருந்தவர் விட்டதுபோல இருந்தது.

அவள் குனிந்து காதைக் கிட்டே கொண்டுபோனாள். "இங்க ஒரு கசிவு! கிளாம்ப்!" ஸ்க்ரூ டிரைவரை எடுத்து இறுக்கினாள். சீறல் சுத்தமானது. அவன் இறங்கி வந்து பானெட்டின் அந்தப் பக்கம் நின்றான். நடுவில் இஞ்சின், உறுமிக்கொண்டு.

இந்தச் சத்தத்தில் சொன்னால் யாருக்குக் கேட்கப் போகிறது? குழாயைப் பார்த்தபடியே சொன்னாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"என்ன?" என்று காதில் கை வைத்தான்.

"ஒண்ணுமில்ல!"

"கேக்கலைங்க!"

உள்ளே கையை நீட்டிச் சாவியைத் திருகினான். இஞ்சின் அடங்கியது. தகரக் கூரையில் தூறல் விழும் சத்தம் மட்டும். "இப்பச் சொல்லுங்க."

அவள் அவனைக் கூர்ந்து பார்த்தாள். துப்பின் கண்கள். "கேட்டுச்சுல்ல?"

அவனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "கேட்டுச்சு. இன்னொரு தடவை கேக்கணும்னுதான்..."

"பாத்தீங்களா, மறுபடியும் பொய்!"

"இதுதாங்க கடைசி." அவன் குரல் இறங்கியது. "வண்டி எப்பவோ ரெடி. நீங்க இல்லாம அது ஓடி என்ன பிரயோஜனம்னு தோணுச்சு. அதான் சாவி போடல. எனக்கு உங்களை அன்னிக்கே பிடிச்சுது... ஆபீஸ்ல இல்ல. அந்தத் தண்ணியில. 'எனக்கே தூக்கத் தெரியும்'னு சொன்னீங்க பாருங்க, தூக்காமலே."

ஸ்க்ரூ டிரைவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அவன் கண்களையே பார்த்தாள். "அன்னிக்கு உங்களை மேஜைக்கு எதிர்ல உக்கார வெச்சுக் கேள்வி கேட்டிருக்கக் கூடாது. நான்தான் அதுன்னு சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க. ஞாயித்துக்கிழமை வந்ததெல்லாம் விசாரணை இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதுல எங்கயாவது ஒரு சந்தேகம் இருக்கான்னு வீட்டுல உக்காந்து முழுசாத் தேடிட்டேன்... கிடைக்கல."

கூரையில் மழை வலுத்தது.

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு" என்றான்.

"என்ன?"

"அதை ஏங்க அவ்வளவு தூரத்துல நின்னு சொல்றீங்க?"

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள். காரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்... யோசிக்காமல்.